கால் ஓட்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் ஒரு சின்னக் கலகம் நடந்தது. கிழக்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் காதில் விழும் தூரத்தில் இருக்கும் தெரு. ஐப்பசி பிறந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் பால் வாங்கப் போக வேண்டும். வடிகால் வேண்டும் என்று ஒரு மனு எழுதிக்கொண்டு, கோடி வீட்டு இளைஞர் ஒருவர் கையெழுத்து வாங்க வந்தார். மனுவின் நகலைச் சட்டசபை அங்கத்தினருக்கும் பார்லிமெண்ட் அங்கத்தினருக்கும் அனுப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“நம்ம தொகுதி எது சார்?” என்று கேட்டார்.

பாங்கியில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், “தென் சென்னை. இதில் என்ன சந்தேகம்?” என்றார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், “இல்லை, செங்கற்பட்டு” என்றார். கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய நான், “சட்டசபைக்கா, பார்லிமெண்டுக்கா?” என்று எதிர்க் கேள்வி போட்டு நேரத்தைக் கடத்தினேன். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர்தாம் பெட்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: “சட்டசபைக்குத் தாம்பரம், டெல்லிக்கு ஸ்ரீபெரும்புதூர். எலக்ஷனுக்கு எலக்ஷன் சிலிப் கொடுக்கிறாங்களே, அதை யாரும் படிக்கிறதில்லையா?”

மானேஜரையும் பேராசிரியரையும் நான் குறை சொல்ல மாட்டேன். மானேஜர் சொன்னது 2009-ஆம் வருஷத் தேர்தல் வரும் வரையில் சரியாகத்தான் இருந்தது. பேராசிரியர் சொன்ன செங்கற்பட்டு என்ற பார்லிமெண்ட் தொகுதியும் கற்பனை அல்ல. 1952-இல் ஓ. வி. அழகேசனை டெல்லிக்கு அனுப்பிய தொகுதி அது. நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னைச் சிறையில் அடிபட்டு 1977 ஜனவரியில் உயிர் நீத்த சிட்டிபாபுவின் தொகுதியும் அதுவே. 2009-இல் அது இல்லாமற்போயிற்று. பிறகு 2019-இல் செங்கற்பட்டு என்று ஒரு ஜில்லாவை உண்டாக்கினார்கள். தாம்பரம் அதில் சேர்ந்தது. ஆகவே நாங்கள் செங்கற்பட்டு ஜில்லாக்காரர்கள். ஆனால் செங்கற்பட்டுத் தொகுதி என்று பார்லிமெண்டில் ஒன்று கிடையாது. சென்னை என்று சொல்லிக்கொள்கிறோம். சென்னை என்ற பெயருள்ள எந்தப் பார்லிமெண்ட் தொகுதியிலும் இல்லை. பேராசிரியர் குழம்பாமல் வேறு என்ன செய்வார்?

இத்தனை பேச்சையும் எதிர்வீட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் உண்டு. எண்பதைத் தாண்டியவர். அவர் திடீரென்று, “என்னுடையது பரங்கிமலைத் தொகுதி, தம்பி” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். பரங்கிமலை என்று ரயில் நிலையம் இருக்கிறது. மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியம்கூட இருக்கிறது. தொகுதி எங்கே இருக்கிறது? பெரியவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று நினைத்தோம். அவருக்கு ஞாபகம் சரியாக இருந்தது. எங்களுக்குத்தான் சரித்திரம் தெரியவில்லை.

1967-இல் அவர் மலையடிவாரத்தில் வாடகைக்குக் குடியிருந்தார். அப்போது இருபத்தொரு வயது நிறைந்தவர்களுக்குத்தான் ஓட்டு. அவருக்கு அது முதல் ஓட்டு. பரங்கிமலையில் தி.மு.க. அபேட்சகர் எம். ஜி. ராமச்சந்திரன். ஜனவரி 12-ஆம் தேதி அவர் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அந்தக் கோலத்தையே சுவரொட்டியாக அச்சடித்து ஒட்டினார்கள். அபேட்சகர் ஒரு தெருவிலும் கால் வைக்கவில்லை. 27,674 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971-இலும் அதே பரங்கிமலை, அதே எம்.ஜி.ஆர். 1972-இல் அவர் தனிக் கட்சி தொடங்கியபோதும் பரங்கிமலையின் அங்கத்தினராகவே இருந்தார். அதற்கடுத்த தேர்தல் 1977-இல் வந்தது. அப்போது பரங்கிமலை என்ற தொகுதியையே காணோம். ஆலந்தூர் என்றும் தாம்பரம் என்றும் புதுப் பெயர்கள் வந்துவிட்டன. எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று முதல் மந்திரியானார்.

“என் தொகுதியை எவனும் தோற்கடிக்கவில்லை, தம்பி. ரப்பர் வைத்து அழித்துவிட்டார்கள்” என்றார் பெரியவர்.

இதைக் கேட்டு உருகிப்போய், ‘அழிந்துபோன பரங்கிமலையை மீட்டுத் தருக’ என்று நான் எழுதப் போகிறேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தொகுதி என்பது கோயில் அல்ல, புனருத்தாரணம் செய்வதற்கு. ஊர் வளர்ந்தால் கோடு மாறத்தான் வேண்டும். சில தொகுதிகள் அழிவதே தர்மம். அப்படி அழிந்த ஒன்றின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அது ஸ்காட்லாந்தில் இருந்தது. ஆனாலும் அந்தக் கதையின் நடுப்பகுதி நம் பரங்கிமலையில்தான் நடக்கிறது.

சர் ஹெக்டர் மன்ரோ என்று ஒரு தளபதி. 1764-இல் பக்ஸார் போரில் ஜெயித்தவர். 1778-இல் சென்னைப் படைக்குத் தலைவராக இருந்து புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தவர். 1780-இல் ஹைதர் அலி கர்நாடகத்தின் மேல் பாய்ந்தபோது, மன்ரோ பரங்கிமலையில் படை திரட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்டார். அவருடன் வந்து சேர வேண்டிய கர்னல் பெய்லியின் படையை, செப்டம்பர் 10-ஆம் தேதி புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் நிர்மூலமாக்கினார்கள். சில மைல் தூரத்தில் இருந்த மன்ரோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கற்பட்டு வழியாகப் பரங்கிமலைப் பக்கமே பின்வாங்கி வந்தார்.

இந்த மனிதர் அதே சமயத்தில் லண்டன் பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர் என்று சொன்னால் நம்புவீர்களா? 1768-இலிருந்து 1802 வரையில் ‘இன்வர்னஸ் பர்க்ஸ்’ என்ற ஸ்காட்லாந்துத் தொகுதியின் பிரதிநிதி அவர்தாம். இங்கே அவர் பீரங்கியைக் குளத்தில் தள்ளிய அதே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிரிட்டனில் பொதுத் தேர்தல் நடந்தது. மன்ரோ மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓட்டுக் கேட்கப் போகவில்லை. போகவும் முடியாது, ஆறு மாதக் கப்பல் பயணம். அவசியமும் இல்லை. ஏனென்றால் அந்தத் தொகுதியில் மொத்தம் நான்கே ஓட்டு!

அச்சுப் பிழை அல்ல. இன்வர்னஸ், போர்ட்ரோஸ், நேர்ன், பாரஸ் என்ற நான்கு சிற்றூர்களை ஒரு தொகுதியாகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வோர் ஊரின் நகரசபையும் ஒரு தூதரைத் தேர்ந்தெடுக்கும். நான்கு தூதர்களும் கூடி அங்கத்தினரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவ்வளவுதான் ஜனநாயகம். ஊர்ஜனங்கள் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. மன்ரோ 1781-இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பிய பிறகு தம் பண்ணைக்கு மேலே உள்ள ஒரு குன்றின் உச்சியில், நாகப்பட்டினத்துக் கோட்டை வாசல் மாதிரியே ஒன்று கட்டினாராம். வேலையில்லாத உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி கொடுப்பதற்காகக் கட்டினார் என்று சொல்லுகிறார்கள். அந்தக் கல் வாசல் இன்றும் நிற்கிறது. அதற்குக் கல் சுமந்தவர்களில் எவனுக்கும் ஓட்டு இல்லை.

இந்தக் கூத்து ஸ்காட்லாந்தோடு நின்றதா என்றால், இல்லை. இங்கிலாந்தில் ‘ஓல்டு ஸாரம்’ என்று ஆள் குடியில்லாத ஒரு மண்மேட்டுக்கு இரண்டு அங்கத்தினர்கள். நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட்டின் குடும்பச் சொத்தாக அந்தத் தொகுதி இருந்தது. அதே காலத்தில் ஆலைகளும் தொழிலாளர்களும் பெருகி மூச்சு முட்டிக்கொண்டிருந்த மான்செஸ்டர் நகரத்துக்கு எத்தனை அங்கத்தினர்கள்? ஒருவரும் இல்லை. ஏனென்றால் கோடு போட்ட காலத்தில் மான்செஸ்டர் பெரிய ஊர் அல்ல. 1832-இல்தான் சட்டம் மாறிற்று. மேட்டுக்கு இருந்த இரண்டு இடமும் போயின, மான்செஸ்டருக்கு இடம் வந்தது. இன்வர்னஸ் பர்க்ஸ் 1918 வரை உயிர் வைத்திருந்து பிறகு மறைந்தது. யாரும் அழவில்லை. நானும் அழவில்லை.

பழங்கதை போதும், நமக்கென்ன என்று கேட்கலாம். நம்முடைய நாட்டில் 1952 முதல் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. பிர்லாவுக்கும் ஒன்று, எங்கள் இஸ்திரிக்காரருக்கும் ஒன்று. உண்மைதான். ஆனால் ஒன்று என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

2021-ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகம் தொகுதியில் வாக்காளர்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் குறைவு. எங்கள் தாம்பரத்தில் ஏறக்குறைய 4 லட்சம். பக்கத்துச் சோழிங்கநல்லூரிலோ ஏறக்குறைய 7 லட்சம்! துறைமுகத்துக்கும் ஓர் அங்கத்தினர். சோழிங்கநல்லூருக்கும் ஓர் அங்கத்தினர். மேடவாக்கத்தில் என் அக்கா இருக்கிறாள். அவள் சோழிங்கநல்லூர்த் தொகுதி. துறைமுகத்துக்காரர் போடுவது முழு ஓட்டு என்றால், நான் போடுவது அரை ஓட்டுக்கும் குறைவு. அக்கா போடுவது கால் ஓட்டு. மை மட்டும் எல்லோர் விரலிலும் ஒரே அளவு வைக்கிறார்கள்.

டெல்லிக் கணக்கும் இதே லட்சணந்தான். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில் 23 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். தமிழ்நாட்டிலேயே பெரிய தொகுதி. மன்ரோ பிடித்த அதே நாகப்பட்டினத்தில் 13 லட்சத்துச் சொச்சம். பார்லிமெண்ட் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் தொகுதி வேலைகளுக்கென்று வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் உண்டு. தொகுதி பெரிதானாலும் சிறிதானாலும் அதே 5 கோடி. வகுத்துப் பாருங்கள்: நாகப்பட்டினத்துக்காரருக்குத் தலைக்கு 37 ரூபாய், தாம்பரத்துக்காரருக்கு 21 ரூபாய். நாகப்பட்டினத்தார் மேல் எனக்குப் பொறாமை இல்லை. புயலும் கடலும் அவர்களைப் படுத்திய பாட்டுக்கு இன்னும் கொடுக்கலாம். ஆனால் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது மொட்டை மாடிகளில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இந்த நிலை எப்படி வந்தது? ஒருவரும் திட்டமிட்டுச் சதி செய்யவில்லை. அதுதான் வேதனை. 1976-இல் ஓர் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த ராஜ்யங்கள் அதனாலேயே பார்லிமெண்டில் இடம் இழக்கக் கூடாது என்று, இடங்களின் எண்ணிக்கையை 1971-ஆம் வருஷ ஜனத்தொகையோடு உறைய வைத்தார்கள். நியாயமான காரியம். அதற்கு முன்பே நாம் ஒரு முறை சூடு பட்டவர்கள்: 1962-இல் 41-ஆக இருந்த நம் பார்லிமெண்ட் இடங்கள் 1967-இல் 39-ஆகிவிட்டன. ஆனால் எண்ணிக்கையோடு சேர்ந்து ராஜ்யத்துக்குள் இருந்த கோடுகளும் உறைந்துபோயின. 1977-இல் தாம்பரத்தைச் சுற்றிப் போட்ட கோடு முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அதற்குள் வயல் மனையாயிற்று; மனை வீடாயிற்று; வீடு அடுக்கு வீடாயிற்று.

2008-இல் கோடுகளை மாற்றினார்கள். பல்லாவரம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி என்ற புதுத் தொகுதிகள் 2011 தேர்தலில் முதன்முதலாகத் தலை நீட்டின. அப்போதும் கணக்கு 2001-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குத்தான். அந்தக் கணக்குப்படி ஒரு சட்டசபைத் தொகுதிக்குச் சராசரி 2 லட்சத்து 67 ஆயிரம் ஜனங்கள். குழந்தை குட்டிகளைச் சேர்த்து. பழைய மகாபலிபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசை கட்டி எழும்பியதும், அவற்றுக்குப் பின்னால் மேடவாக்கமும் பெரும்பாக்கமும் நகரமானதும் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்ட கதை. குழந்தைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை வாலிபனுக்கு மாட்டிவிட்டு, ‘ஏன் கிழிகிறது?’ என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

இங்கே ஒரு வக்கீல் நண்பர் என்னை மடக்கினார். “ஜனத்தொகைக்குத் தக்கபடி பிரதிநிதி வேண்டும் என்கிறீர். இதையேதான் வடக்கே சொல்லுகிறார்கள். அதை ஒப்புக்கொண்டால் தமிழ்நாட்டின் பங்கு குறையும். வீட்டுக்குள் ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயமா?” என்றார்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நழுவினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. ராஜ்யத்துக்கும் ராஜ்யத்துக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. தேசம் ‘அளவோடு பெறுங்கள்’ என்று சொல்லிற்று. சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. கேட்டவனைத் தண்டிப்பது அநியாயம் என்பதுதான் 1976-இல் ஒப்புக்கொண்ட தத்துவம். தமிழ்நாட்டுக்கு உரிய பங்கில் ஓர் அங்குலத்தைக்கூட விட்டுக்கொடுக்கலாகாது என்பதே என் கட்சியும். ஆனால் துறைமுகத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் அப்படி என்ன ஒப்பந்தம் இருக்கிறது? துறைமுகத்துக்காரர்கள் குடும்பக் கட்டுப்பாடு செய்ய, நாங்கள் மட்டும் பிள்ளைகளைப் பெற்றுப் பெருக்கினோமா? நாங்கள் பெற்றுப் பெருகவில்லை, ஐயா, குடிபெயர்ந்து பெருகினோம். பட்டணத்து வாடகைதான் எங்களைப் பாலம் தாண்டித் துரத்திற்று. என் அக்காவே தம்புச்செட்டித் தெருவுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள்தான். அங்கே இருந்த வரையில் அவளுக்கு முழு ஓட்டு. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊருக்கு வந்ததும் அது கால் ஓட்டாகிவிட்டது. குடிபெயர்ந்ததற்கா இந்தத் தண்டனை?

வெளியாரோடு வழக்கு இருக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் பாகப்பிரிவினையை ஒழுங்காகச் செய்யக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் என்பது டெல்லியோடு போராட வேண்டிய விஷயம். கிடைத்த இடங்களை நமக்குள் எப்படிப் பங்கிடுவது என்பது நாம் கேட்க வேண்டிய விஷயம். முதல் சண்டையின் சத்தத்தில் இரண்டாவதை யாரும் பேசுவதே இல்லை.

‘யாரும்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். குற்றவாளிகள் நாம்தாம். 2021-இல் தமிழ்நாடு முழுதும் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள்; சென்னை ஜில்லா அறுபதைக்கூடத் தொடவில்லை. புறநகர் வாசிகளாகிய நாம் அந்த விஷயத்தில் மட்டும் நல்ல சென்னைக்காரர்கள். ஓட்டுப் போடும் நாளை மாமல்லபுரம் போவதற்கு வாய்த்த லீவு நாளாக நினைக்கிறோம். கையில் இருக்கும் கால் ஓட்டையும் போடாமல் வைத்துக்கொண்டு ‘எல்லாரும் திருடர்கள்’ என்று டிபன் சாப்பிட்டபடியே தீர்ப்புச் சொல்லுகிறோம்.

இன்னொரு பாவமும் உண்டு. அதில் எனக்கும் பங்கு உண்டு. தொகுதி வரையறைக் கமிஷன் கதவைச் சாத்திக்கொண்டு கோடு போட்டுவிட முடியாது. நகலைப் பிரசுரிக்க வேண்டும். ஆட்சேபம் கேட்க வேண்டும். பகிரங்கக் கூட்டம் வைத்து விசாரிக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது. முடிவான உத்தரவு வெளிவந்துவிட்டாலோ, எந்தக் கோர்ட்டிலும் அதை எதிர்த்து வழக்காட முடியாது. ஆக, நாம் பேசுவதற்கு ஒரே ஒரு சந்தர்ப்பம். சென்ற தடவை அந்தச் சந்தர்ப்பம் வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகிக்கு யாரைக் கட்டி வைப்பது என்று ஓயாமல் யோசித்தேன். என் தெருவை எந்தத் தொகுதிக்குக் கட்டி வைக்கிறார்கள் என்று ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. அப்படி ஓர் அறிவிப்பைப் பத்திரிகையில் பார்த்த ஞாபகம்கூட இல்லை. கட்சிக்காரர்கள் அந்த மாதிரி அறிவிப்புகளைத் தவறவிட மாட்டார்கள். எந்தத் தெரு எந்தப் பக்கம் விழுந்தால் யாருக்கு லாபம் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுபடியும் கோடு போடும் நாள் வரத்தான் போகிறது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்களையெல்லாம் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். வார்டுகள் 70. குப்பைக்கும் வரிக்கும் ஓர் ஊராக இருக்கத் தகுதி பெற்றுவிட்டோம். பார்லிமெண்டுக்கு மட்டும் இன்னமும் ஸ்ரீபெரும்புதூரின் வாலாக இருக்கிறோம். ராமாநுஜர் அவதரித்த ஊரின் பேரில் டெல்லிக்குப் போவது புண்ணியந்தான்; ஆனால் பத்து லட்சம், இருபது லட்சம் என்று ஜனங்கள் நெருக்கியடித்து வாழும் இந்தத் தெற்குப் புறநகருக்குத் தனக்கென்று ஒரு குரல் வேண்டாமா?

ஆகவே வாசகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நகல் வெளிவரும்போது ராசிபலன் பக்கத்தைப் படிக்கும் அக்கறையோடு அதைப் படியுங்கள். உங்கள் தெரு எங்கே விழுகிறது என்று தேடுங்கள். உங்கள் தொகுதியில் எத்தனை லட்சம் பேர், பக்கத்துத் தொகுதியில் எத்தனை லட்சம் பேர் என்று கூட்டிப் பாருங்கள். சரியில்லை என்று தோன்றினால் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்புங்கள். விசாரணைக்கு நேரிலும் போங்கள். வக்கீல் வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். இன்வர்னஸின் அந்த நான்கு தூதர்களுக்கும் தங்கள் ஓட்டின் விலை பைசாச் சுத்தமாகத் தெரிந்திருக்கும். லட்சக்கணக்கில் இருக்கும் நமக்குத்தான் தெரியவில்லை.

மனு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே? விலாசத்தை இஸ்திரிக்காரர் சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டார்கள். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். பெரியவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ‘தாம்பரம் தொகுதி’ என்று எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகே பேனாவைக் கேட்டார்.